ஒரு கார்டுக்கு ஒரு பேர்

வாளையார்,
18-4-1956

இசக்கிக்கு ஆறுச்சாமி எழுதுவது.

நீ போட்ட கடிதம் இன்றைக்குக் கைக்குக் கிடைத்தது. சித்திரைக்கு வருகிறேன் என்று பொங்கலுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போனவன் ஏன் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். உன் அப்பா ஒன்றும் கேட்காமல் உன் முகத்தையே பார்க்கிறார் என்றும் எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயம்தான்.

எனக்குக் கொஞ்சம் சளி. பங்குனி கடைசியிலிருந்து மில்லுக்குப் போகவில்லை. பயப்படாதே. ப்ளோ ரூமில் பஞ்சுத் தூசிக்கு நடுவே எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்குச் சளி பிடிப்பது புதுசில்லை. வழக்கம்போல பொன்னாத்தாள் அக்கா ஊட்டில்தான் இருக்கிறேன். அக்கா கசாயம் வைத்தே என்னைக் கொன்றுவிடுவாள் போலிருக்கிறது.

போன வருசத்திலிருந்து எங்கள் சம்பளத்தில் இன்சூரன்ஸுக்கு என்று பிடிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தேன். அது இப்போது உதவுகிறது. என் பேர் போட்டு ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். கோயமுத்தூரில் இன்சூரன்ஸ் டிஸ்பென்சரிக்குப் போனால் டாக்டர் பார்த்து வாரம் ஒரு சர்ட்டிபிகேட் எழுதித் தருவார். அதை இன்சூரன்ஸ் ஆபீஸில் கொடுத்தால் ஏறக்குறைய பாதிச் சம்பளம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு சட்டம் உண்டு. அந்தக் காசை வாங்குகிறவன் உத்தரவு இல்லாமல் வெளியூர் போகக் கூடாது. ஏழு நாளைக்கு ஒரு தரம் டாக்டரிடம் முகத்தைக் காட்டியாகோணும். உன் மலைக்கு வந்து திரும்பவே நாலு நாள் ஆகிறது. அதனால்தான் வரவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மலையில் கோடை மழை பெய்ததா? கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் வளைந்து நிற்பாயே. நேற்று ரயிலில் வரும்போது ஒன்றும் தோன்றாமல் அதுவே தோன்றிக்கொண்டிருந்தது.

ஆறுச்சாமி


மேலக்காடு எஸ்டேட்,
தேவிகுளம் தாலூகா,
3-5-1956

உங்களுக்கு இசக்கி எழுதிக்கிறது.

சளிக்கு ஒரு மாசமா வேலைக்குப் போகாம இருப்பாகளா? எனக்குப் புரியலை. எங்க டிஸ்பென்சரி கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் அண்ணன்கிட்ட கேட்டேன். சளியா, இருமலா, ராத்திரியில காய்ச்சல் வருதா, மெலிஞ்சிருக்காரான்னு திருப்பி என்னையவே கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? பாத்து நாலு மாசம் ஆச்சு. பொங்கலுக்கு வந்தப்ப இருமுனீக. மலைக் குளிருன்னு சொன்னீக. நானும் நம்புனேன்.

இங்க வந்து எங்க டிஸ்பென்சரியில காட்டுனா ஆகாதான்னும் கேட்டேன். ஆகாதாம். எஸ்டேட் டாக்டர் எழுதுற சீட்டை உங்க இன்சூரன்ஸ் ஆபீசு எடுத்துக்காதாம். உங்க மில்லு மெட்ராஸ் சர்க்கார். எங்க மலை திருவிதாங்கூர் கொச்சி சர்க்கார். எஸ்டேட்டுக்கு வேற சட்டம், மில்லுக்கு வேற சட்டம். மிக்கேல்ராஜ் அண்ணன் பொறுமையாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் கேக்கப் பொறுமை இல்லை.

ஒரு விசயம் நேர்ல சொல்லணும்னு வச்சிருந்தேன். சித்திரைக்கு வருவீக, எங்க லயத்து வீட்டு வாசல்ல உக்காந்து காப்பி குடிக்கும்போது சொல்லலாம், அப்ப உங்க மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கலாம்னு இருந்தேன். இப்ப காயிதத்துலதான் சொல்ல வேண்டியிருக்கு. எனக்கு நாலாம் மாசம். ஐப்பசியில ஆகும்னு சொல்றாக. கொழுந்து எடுக்கப் போய்க்கிட்டுத்தான் இருக்கேன், ஒண்ணும் கஷ்டம் இல்லை. புளிச்ச மாங்கா கிடைக்கலைங்கிறதுதான் கஷ்டம்.

உத்தரவு வாங்கிட்டு ஒரு தரம் வந்துட்டுப் போங்க. உத்தரவு குடுக்குறவரும் ஒரு பொம்பளைக்குப் புருஷனாத்தான இருப்பாரு.

இசக்கியம்மாள்


வாளையார்,
19-5-1956

இசக்கி,

உன் கடிதத்தை ரயில்பாதை ஓரத்திலேயே நின்று படித்தேன். ஒரு கூட்ஸ் வண்டி முழுசாக என்னைத் தாண்டிப் போயிற்று. அது போனதே எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் சொன்னேன். அவள் ஒரு கட்டி வெல்லத்தை என் வாயில் போட்டுவிட்டு அழுதாள். அவள் எதற்கு அழுதாள் என்பதை நான் இப்போது உனக்குச் சொல்லோணும். சொல்லத் தைரியம் வராமல்தான் பத்து நாள் கடிதம் போடவில்லை.

இது சளி இல்லை. க்ஷயம். மாசி மாசம் மில்லில் இருமும்போது ரத்தம் வந்தது. படம் பிடித்துப் பார்த்தார்கள். இடது நெஞ்சில் மேல்பக்கம் புண் இருக்கிறது. ஊசி போடுகிறார்கள், மாத்திரை தருகிறார்கள். இந்தக் காலத்தில் இது குணமாகிற வியாதிதான் என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் சானடோரியத்தில் பல மாசம் படுக்கோணும். அங்கே படுக்கை காலியில்லை.

இன்சூரன்ஸ் ஆபீஸ் மேனேஜர் லட்சுமிநாராயணன் என்று ஒருத்தர். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். எங்கள் ரயிலில்தான் தினமும் வருவார், அதில் பழக்கம். படுக்கை எப்போது கிடைக்கும் என்று அவரைக் கேட்டேன்.

"ஆறுச்சாமி, கேட்டுக்கோ. காசு கொடுக்கறது டெல்லி இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். அதுக்கு ஆள் நானாக்கும். டாக்டர், மருந்து, படுக்கை எல்லாம் மெட்ராஸ் கவர்மென்ட் பாத்துக்கறது. செலவிலே ரெண்டு பேருக்கும் பங்கு, ஆபீஸ் மாத்திரம் வேற வேற. என் மேஜைலேர்ந்து அவா மேஜைக்கு ஒரு கடுதாசி போக இருபது நாளாறது. நடந்தா இருபது நிமிஷம்" என்றார்.

"என்ற சம்சாரம் மாசமா இருக்கறாளுங்க. இங்க கூட்டிட்டு வந்தா இந்தக் கார்டுல அவளையும் பாப்பாங்களாங்க?" என்று கேட்டேன்.

கார்டை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். "இதிலே எத்தனை பேர் இருக்கு?"

"ஒண்ணுதானுங்க."

"ஒரு கார்டுக்கு ஒரு பேர்தான். இப்போதைக்குத் தொழிலாளிக்கு மாத்திரம். குடும்பத்துக்கும் கொடுக்கணும்னு பேச்சு நடக்கறது. டெல்லி சொன்னாலும் அந்தந்த ஸ்டேட் ஒத்துக்கணும். எப்போன்னு என்னைக் கேக்காதே, எனக்குத் தெரியாது."

அதனால் நீ அங்கேயே இரு. பிரசவத்துக்கு உங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரி இருக்கிறது. பொங்கலுக்கு நான் வந்து உன்னோடு இருந்ததை நினைத்தால்தான் பகீர் என்கிறது. மிக்கேல்ராஜிடம் சொல்லி உன் நெஞ்சையும் பார்க்கச் சொல். இந்தக் கடிதத்தை வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வைத்துவிட்டு அப்புறம் படி. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்கோணும். இப்போதுதான் தோன்றுகிறது.

ஆறுச்சாமி


மேலக்காடு,
5-6-1956

உங்களுக்கு,

வெயில்ல போடச் சொன்னீக. இங்க ஒன்பது நாளா வெயில் இல்லை. மழையில நனைஞ்சுதான் தபால் வந்துச்சு, அப்படியே பிரிச்சுப் படிச்சேன்.

மூணு மாசம் மறைச்சிருக்கீக. எனக்கு அதுதான் வலிக்கு, வியாதி இல்லை. எம் புருஷனுக்கு ரத்தம் வந்த அன்னைக்கு நான் இங்க எதையாவது பேசிச் சிரிச்சுக்கிட்டுக் கொழுந்து கிள்ளியிருப்பேன். அதை நெனச்சா கிள்ளுன கையையே வெறுப்பா இருக்கு.

நேத்து பங்களாவுக்குப் போய் எஸ்டேட் தொரையைப் பாத்தேன். எம் புருஷனை இங்க கூட்டியாந்து எங்க ஆஸ்பத்திரியில வச்சுப் பாக்கணும்னு கேட்டேன். கங்காணி இங்கிலீசுல எடுத்துச் சொன்னாரு. தொரை ரொம்ப நேரம் பேசுனாரு. கங்காணி அதைச் சின்னதாச் சொன்னாரு: உன் புருஷன் உன்னோட ஆஸ்ரிதன் இல்லை, அதாவது உன் சம்பளத்துல பிழைக்கிறவன் இல்லை. அவனுக்கு மில்லு இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. மில்லுக்காரனை மில்லு பாக்கட்டும். போதாக்குறைக்கு அந்த வியாதியை லயத்துக்குள்ள கொண்டாந்தா நூறு குடும்பம் இருக்கு. அவுக சொல்றதுலயும் தப்புச் சொல்ல முடியலை. அதான் தாங்க முடியலை.

உங்க கார்டுல நான் இல்லை. எங்க எஸ்டேட்டு செக்ரோல் ஏட்டுல நீங்க இல்லை. தாலி கட்டுன அன்னைக்கு இதையெல்லாம் யாரும் நம்மகிட்ட சொல்லலையே.

அவதிக்கு, லீவுக்குத்தான், எழுதிக் குடுத்துட்டேன். ஒரு வாரம் தருவாக. அதுக்கு மேல போனா பேறுகாலத்துக் காசுக்கு நாள் குறையும்னு மிக்கேல்ராஜ் அண்ணன் சொன்னாரு. ஒரு வாரம் போதும். வரட்டுமான்னு கேக்கலை. வாரேன்.

இசக்கி


வாளையார்,
28-6-1956

இசக்கி,

நீ போய் நாலு நாள் ஆகிறது. ஊடு சேர்ந்தாயா, வழியில் வாந்தி வந்ததா என்று ஒன்றும் தெரியவில்லை. போடியிலிருந்து பஸ், திண்டுக்கல்லிலிருந்து ரயில், பொள்ளாச்சியில் வண்டி மாறி, போத்தனூரில் இன்னொரு தரம் மாறி, ஆறாம் மாசத்து வயிற்றோடு இரண்டு நாள் பிரயாணம் செய்து நீ வந்தாய். நான் உன்னை வாசல் கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்கு அந்தப் பக்கம் போய் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நின்றேன்.

நீ எழுந்து வந்து கையை நீட்டினாய். நான் பின்னால் போனேன். இன்னும் ஓரடி வந்தாய். இன்னும் பின்னால் போனேன். அக்கா சோறு போட்டு வைத்திருந்தாள். நீ சாப்பிடாமல் பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நடந்தாய். அக்கா பின்னாலேயே ஓடினாள். நான் அந்த இடத்திலேயே நின்றேன்.

எனக்கு உன்மேல் ஆசை விட்டுப்போயிற்று என்று ஸ்டேஷனில் அக்காவிடம் சொன்னாயாம். இசக்கி, நான் உன் பக்கத்தில் வந்திருந்தால் திரும்பவும் உன்னை விட்டிருக்க மாட்டேன். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. அதுதான் நடந்தது. டாக்டர் பத்தடி தள்ளி நில் என்று சொல்லவில்லை. முகத்துக்கு நேரே இருமாதே என்றுதான் சொன்னார். பத்தடி என்பது நானாகப் போட்டுக்கொண்டது.

உன் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். அங்கிருந்தே பார்த்தேன்.

ஆறுச்சாமி


மேலக்காடு,
17-7-1956

உங்களுக்கு,

வந்து சேந்துட்டேன். வாந்தி வரலை.

பதினஞ்சு நாளா உங்க காயிதத்துக்குப் பதில் போடக் கூடாதுன்னு இருந்தேன். நீங்க பின்னால போனது போடி வரைக்கும் என் கூடவே வந்துச்சு. ரயில்ல பக்கத்துல இருந்த அம்மா எத்தனை மாசம்னு கேட்டாக. பைக்குள்ள எதையோ தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

மிக்கேல்ராஜ் அண்ணன்தான் போன ஞாயித்துக்கெழமை லயத்துக்கே வந்து சொன்னாரு. "உன் புருஷன் செஞ்சதைச் செய்ய எத்தனை பேருக்கு மனசு வரும்? இங்க ஒருத்தன் மறைச்சுக்கிட்டு வீட்டுல இருந்து மூணு பிள்ளைகளுக்குக் குடுத்துட்டுப் போய்ச் சேந்தான். அவனும் பாசத்துலதான் இருந்தான்." அவரு போன பொறகு ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடிச்சப்ப பசிச்சுது. ரெண்டு தட்டுச் சோறு தின்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில என்னையும் பாத்தாக. நெஞ்சுல ஒண்ணும் இல்லையாம்.

அந்தப் பத்தடியை நான் மறக்க மாட்டேன். ஆனா அதுக்காக இனிமே கோவப்படவும் மாட்டேன். நீங்க துண்டை வாயில கட்டியிருந்ததுல கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. கண்ணு மாறலை.

வேலைக்குப் போய்க்கிட்டிருக்கேன். நாள் குறையக் கூடாதே.

இசக்கி


மேலக்காடு,
26-10-1956

உங்களுக்கு,

தகவல் சொல்லி அப்பா ஒரு கார்டு போட்டாக, கிடைச்சிருக்கும். இன்னைக்குத்தான் எந்திரிச்சு உக்காந்து எழுத முடியுது. ஐப்பசி முதத் தேதி பொம்பளப் பிள்ளை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில ஒண்ணரை நாள் வலியோட கிடந்தேன். டாக்டரம்மா நல்லவுக. "பிள்ளையோட அப்பா எங்க?"ன்னு கேட்டாக. மெட்ராஸ் சர்க்கார்ல இருக்காகன்னு சொன்னேன். பெரிய உத்தியோகம்னு நெனச்சிருப்பாக.

மூக்கு உங்களோடது. வெரலு நீளம். அழுதா ஒரு பக்கத்துப் புருவம் மட்டும் ஏறுது. இதுக்கு மேல எப்படி எழுதிச் சொல்றதுன்னு தெரியலை. அதனால வெள்ளை நூலை எடுத்து உச்சந்தலையிலிருந்து குதிகால் வரைக்கும் பிடிச்சு அறுத்து இந்தக் காயிதத்துக்குள்ள வச்சிருக்கேன். நீட்டிப் பாருங்க. அம்புட்டுத்தான் இருக்கா.

பேரு நீங்கதான் வைக்கணும். லயத்துல ஆளுக்கொரு பேரு சொல்லிக் கூப்பிடுறாக. நான் இன்னும் எந்தப் பேரும் சொல்லலை.

படுக்கை கிடைச்சுதா?

இசக்கி


வாளையார்,
22-11-1956

இசக்கி,

நூலைப் பாயில் நீட்டி வைத்துப் பார்த்தேன். என் முழங்கையிலிருந்து விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் வருகிறது. வருசக்கணக்காகக் கையில் எத்தனை பஞ்சு, எத்தனை நூல். இந்த ஒரு நூலுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மரகதம் என்று கூப்பிடு. உங்கள் மலையை நான் முதன்முதலாகப் பார்த்தது ஒரு பெருமழைக்கு மறுநாள் காலையில்.

படுக்கை கிடைத்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் சானடோரியம். நாளைக்குப் போகிறேன். அது கிடைத்த கதையைக் கேள். ஐப்பசி நடுவிலேயே உத்தரவு வந்துவிட்டது. ஆனால் நான் போய் நிற்பதற்குள் நவம்பர் முதல் தேதி வந்துவிட்டது. அன்றைக்கு வாளையாரும் பாலக்காடும் கேரளாவாகிவிட்டது. நீங்களும்தான். படுக்கைச் சீட்டு தருகிற ஆபீஸில் என் விலாசத்தைப் பார்த்த குமாஸ்தா சீட்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டார். மெட்ராஸ் சர்க்கார் படுக்கையைக் கேரளாக்காரனுக்கு எப்படிக் கொடுப்பது, மேலே எழுதிக் கேட்கோணும் என்றார். எத்தனை நாளாகும் என்றேன். அவருக்கே தெரியவில்லை. அந்த வாரம் திரும்பவும் ரத்தம் வந்தது. உனக்கு இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன்.

லட்சுமிநாராயணனிடம் போய்ச் சொன்னேன். இது அவர் வேலையே இல்லை. ஆனாலும் கோட்டை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீஸுக்கு நடந்தார். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். உள்ளே அவர் குரல் கேட்டது.

"ஆள் எங்கே தூங்கறான்னு பாக்காதீங்கோ சார். எங்கே வேலை செய்யறான்னு பாருங்கோ. மில் நகரலையே. அவன் சம்பளத்திலே பிடிச்சதும் இங்கேதானே? நானுந்தான் முதல் தேதிலேர்ந்து கேரளாக்காரன். அதுக்காக என்னை நாற்காலிலேர்ந்து எழுப்பிடுவேளா?"

அப்புறம் வெளியே வந்து சீட்டை என் கையில் கொடுத்தார். நான் கும்பிட்டேன். "இருபது நிமிஷம்தான் ஆச்சு பார்" என்றார். தன் ஆபீஸுக்குத் திரும்ப வேண்டியவர் எதிர்ப் பக்கமாக நடக்கத் தொடங்கினார். பெரிய அதிகாரியோடு அவர் அதுவரை சத்தம் போட்டுப் பேசியதில்லை போலிருக்கிறது.

நூலைக் கூடவே கொண்டுபோகிறேன்.

ஆறுச்சாமி


மேலக்காடு,
30-1-1957

உங்களுக்கு,

இப்ப மூணு மாசம் முடிஞ்சிருச்சு. கவுந்து படுக்கா. மரகதம்னு கூப்பிட்டா திரும்பிப் பாக்கா. உங்க குரல்ல ஒரு தரம் கூப்பிட்டா எப்படித் திரும்புவான்னு தெரியலை.

இங்க உறைபனி. காலையில கொழுந்துச் செடியெல்லாம் வெள்ளையா இருக்கு. சானடோரியத்துல கம்பளி குடுத்திருக்காகளா? எடை ஏறியிருக்கான்னு எழுதவே இல்லையே.

பி.சி.ஜி. ஊசிக்காரங்க பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்திருக்காகன்னு மிக்கேல்ராஜ் அண்ணன் சொன்னாரு. அது க்ஷயத்துக்குத் தடுப்பாம். அரை நாள் சம்பளம் போனாலும் போகுதுன்னு பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்து போய்ப் போட்டுட்டு வந்தேன். போடும்போது அழவே இல்லை. திரும்பி வரும்போது வழியெல்லாம் அழுதா.

இப்ப உங்க அக்கா வீடும் எங்க மலையும் ஒரே சர்க்காராம். அப்பா சந்தோசமாச் சொன்னாக. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரே சர்க்கார்ல இருந்தும் அவுக அவுக இடத்துலதான இருக்கோம். நீங்க மட்டும் திரும்பவும் மெட்ராஸ் பக்கம் போயிட்டீக.

சாயங்காலம் ஆள் கூடுற பிரட்டுக்களத்துல கொழுந்து நிறுத்துட்டு வரும்போது எல்லாரும் அவுக அவுக வீட்டுக்காரரோட பேசிக்கிட்டு இறங்குவாக. நான் வேகமா நடந்துருவேன். பிள்ளை பசியா இருப்பான்னு சொல்லிக்குவேன். அது பாதி நெசம்தான்.

இசக்கி


சானடோரியம்,
20-6-1957

இசக்கி,

நாலு மாசமாகச் சளியைப் பரிசோதித்ததில் கிருமி இல்லை. படத்தில் புண் ஆறித் தழும்பாகிவிட்டது. எடை பதினாறு ராத்தல் ஏறியிருக்கிறேன். ஆவணியில் அனுப்பிவிடுவோம் என்கிறார்கள். பக்கத்துப் படுக்கைக்காரன் கடலூர் ஆள், எனக்கு முன்னால் வந்தவன். அவன் போன வாரம் இறந்துபோனான். அதனால் சத்தமாகச் சந்தோசப்படவும் முடியவில்லை.

மில்லில் என் பேரை நீக்கவில்லை. ப்ளோ ரூம் வேண்டாம், வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை தருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே தூசி இல்லை. ஆனால் இரண்டு வருசம் மாசாமாசம் கோயமுத்தூர் டிஸ்பென்சரியில் காட்டிக்கொள்ளோணும், மருந்தும் அங்கேதான். மலைக் குளிர் எனக்கு ஆகாது என்றும் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆக, நான் உன்னிடம் வர முடியாது.

நீ வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். நீ வந்தால் செக்ரோலில் உன் பேர் போய்விடும். மரகதத்துக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவதற்கு ஒரு டிஸ்பென்சரி, ஒரு மிக்கேல்ராஜ், ஒரு டாக்டரம்மா எல்லாம் போய்விடும். என் கார்டில் உங்கள் இருவருக்கும் இன்னும் இடம் இல்லை. லட்சுமிநாராயணனுக்கு எழுதிக் கேட்டேன். அடுத்த வருசம் குடும்பத்துக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம் என்று பதில் போட்டிருக்கிறார்.

அதனால் நீ இப்போதைக்கு அங்கேயே இரு. உத்தரவு கிடைக்கும்போது நான் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன். புத்தியோடு யோசித்தால் இதுதான் சரி.

ஆறுச்சாமி


மேலக்காடு,
18-8-1957

உங்களுக்கு,

புத்தியோடதான் யோசிச்சேன். எஸ்டேட்டுல இருந்தா எனக்கும் பிள்ளைக்கும் மருந்து உண்டு, நீங்க கிடையாது. அங்க வந்தா நீங்க உண்டு, மருந்து கிடையாது. ரெண்டு நாள் இதையே உருட்டிக்கிட்டு இருந்தேன். மூணாம் நாள் ஆபீசுக்குப் போய் எம் பேரை வெட்டச் சொல்லிட்டேன்.

அப்பா சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாக. பொறகு, "இத்தனை வருசமாப் போராடி எஸ்டேட்டுல ஆஸ்பத்திரி வாங்குனோம். நீ அதை விட்டுட்டுப் போறயே"ன்னாக. "அங்கயும் போராடி வாங்குவாகப்பா"ன்னேன். "அதுவரைக்கும்?"னு கேட்டாக. "அதுவரைக்கும் தர்மாஸ்பத்திரியில வரிசையில நிப்பேன். ஊர்ச்சனம் பூரா அங்கதான நிக்கி"ன்னேன். அப்பா எந்திரிச்சுப் போனாக. பெட்டிக்குக் கயிறு வாங்கியாந்து குடுத்தாக.

மிக்கேல்ராஜ் அண்ணன் ஒரு தாள்ல எழுதிக் குடுத்திருக்காரு. காய்ச்சல்னா என்ன செய்யணும், வயித்தால போனா பார்லித் தண்ணி எப்படி வைக்கணும், எதைக் கண்டா கொஞ்சமும் தாமதிக்காம பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு எல்லாம். அவருக்கு எம்மேல வருத்தம்தான். ஆனாலும் பஸ்ஸு வரைக்கும் பெட்டி தூக்க வாரேன்னாரு.

நீங்க வந்து பாத்துட்டுப் போறேன்னு எழுதியிருக்கீக. வந்து பாத்துட்டுப் போற புருஷனா எனக்கு வேண்டாம். வேலைக்குப் போயிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வாற புருஷன் வேணும். சண்டை போட வேணும்.

புரட்டாசி முதல் வாரத்துல கிளம்புறோம். இதுக்குப் பதிலா வராதேன்னு காயிதம் போட்டா அதைப் பிரிக்காமலே வச்சுட்டுக் கிளம்புவோம்.

இசக்கி


கோயமுத்தூர்,
12-9-1957

இசக்கி,

வராதே என்று எழுதவில்லை. எழுதுவேன் என்று நினைத்தாயா?

போன வாரம் சானடோரியத்திலிருந்து விட்டுவிட்டார்கள். மில்லுக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்திருக்கிறேன். பெரிய ஜன்னல், காற்று நன்றாக வருகிறது. கிணறு கொஞ்சம் தூரம். அடுப்புக்கு மண் குழைத்து நானே போட்டேன். கோணலாக வந்திருக்கிறது. நீ இடித்துவிட்டு வேறு போட்டுக்கொள்.

நீங்கள் போத்தனூர் வரைக்கும் தனியாக வர வேண்டாம். 22-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வாருங்கள், பொள்ளாச்சி ஸ்டேஷனில் நிற்பேன். டாக்டரிடம் உத்தரவு வாங்கிவிட்டேன்.

விடுவதற்கு முன்னால் பெரிய டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். எனக்குப் பதினோரு மாசத்துப் பிள்ளை இருக்கிறாள், இதுவரை பார்த்ததில்லை என்றேன். அவர் கடைசிப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தூக்கலாம்" என்றார். பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாமா என்றேன். "தூக்கலாம், படுக்க வைக்கலாம், கொஞ்சலாம். மாசாமாசம் மட்டும் தவறாமல் வந்து காட்டு" என்றார். வெளியே வந்து, சரியாகத்தான் காதில் விழுந்ததா என்று சந்தேகம் வந்து திரும்ப உள்ளே போய்க் கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அதையே மறுபடி சொன்னார்.

அவள் என்னைப் பார்த்து அழுவாள். முகம் தெரியாதவன்தானே. அழுதால் உடனே வாங்கிக்கொள்ளாதே. கொஞ்ச நேரம் என்னிடமே இருக்கட்டும்.

ஆறுச்சாமி